கால்குலேட்டரின் கண்

நாடித்துடிப்பைக் கம்பியில்லாமல், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் கால்குலேட்டருக்கு அனுப்பும் பெட்டி அது. ஞானதுரை வடிவமைத்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனதும், இறந்தவரின் விரலிலிருந்து கவ்வியைக் கழற்றிப் பெட்டியை அணைத்தான். கட்டிலோரம் இருந்த கால்குலேட்டரில் எண்கள் மட்டும் நிற்கவில்லை.

"ஓடுதே சார்! அவுக நாடி ஓடுதே!" இறந்தவரின் மனைவி பேச்சியம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே இலைகள் அசைந்தன. அவற்றினூடே மினுங்கிய வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு; அதைத்தான் கால்குலேட்டரின் ஒளி வாங்கும் கண் துடிப்பாக எண்ணிக்கொண்டிருந்தது. வெளிச்சத்துக்கு ஒரு தடுப்பு வைக்காமல் விட்டது அவன்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பாவம், அவுக மொகத்துல வெயில் அடிக்கு" என்று ஜன்னலைச் சாத்தப் போனாள்.