நாலு சென்டிமீட்டர்

இந்துஜா அளவு நாடாவைக் கெண்டைக்காலில் மறுபடியும் சுற்றிப் பார்த்தாள்.

வலது கால் முப்பத்தாறு. இடது கால் நாற்பது.

பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த அவளுடைய பிசியோதெரபி கிளினிக்கில், யுகேந்திரன் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தான். லோரி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஃபுட்சால் ஆடும்போது கெண்டைக்காலில் சுளீரென்று இழுத்ததாம். நாலு நாளாகியும் வலி விடவில்லை.

தோல் பளபளவென்று வீங்கியிருந்தது. தொட்டால் சூடு.

கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. அப்படியே இருந்தது.

“எண்ணெய் போட்டு நல்லா உருவி விடுங்க டாக்டர். அடுத்த வாரம் மேட்ச் இருக்கு லா.”

அவள் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

ஆட்டத்துக்கு முன்னால் தூரப் பயணம் ஏதாவது போனானா என்று கேட்டாள். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

வடக்கே எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரை லோரியில் போய்வந்ததாகச் சொன்னான். இரண்டு நாள், ஸ்டேரிங்கை விட்டு இறங்கியதே குறைவு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சை இழுத்தான்.

“நெஞ்சு வலிக்குதா?”

“மூச்சு இழுத்தா லேசா குத்துது. காத்து புடிச்சிருக்கும்.”

இந்துஜா போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். விலாசத்தைச் சொல்லும்போது சொந்தத் தெருப் பெயரே ஒரு கணம் வாயில் வரவில்லை.

இது தசைப்பிடிப்பு இல்லை. காலுக்குள் ரத்தம் உறைந்திருக்கிறது. அசைத்தாலோ உருவினாலோ அதில் ஒரு துண்டு கழன்று நேரே போய் நுரையீரலை அடைக்கலாம். கழன்றுவிட்டதா என்பதுதான் தெரியவில்லை.

அசையக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது என்று மட்டும் அவனிடம் சொன்னாள். அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றாள். நாடி ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

ஆம்புலன்ஸ் ஊழியர் உள்ளே வந்ததும் காலைப் பார்த்தார். பிறகு அவன் உதட்டைப் பார்த்தார். அது லேசாக நீலம் பாரித்திருந்தது.

வலி வந்த பிறகு இந்தக் காலை யாராவது உருவி விட்டார்களா என்று கேட்டார்.

இந்துஜா வாயைத் திறப்பதற்குள் யுகேந்திரன் சிரித்தான்.

“நம்ம டாக்டர்தான்,” என்றான், மூச்சு வாங்கிக்கொண்டே. “செவ்வாக்கெழமை முக்கா மணி நேரம் உருவி விட்டாங்க. தங்கமான கை.”