பின்கதவு

இந்தக் காலத்தில் விற்கிறவன் எவனும் வாயைத் திறந்தால் பொய்தான் என்று முணுமுணுத்தபடி மாசிலாமணி அந்தப் பழைய காரின் பின்சீட்டில் ஏறினார். பேரப்பிள்ளைகள் உட்காரப்போகிற இடம். தரகர் கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து அது திறக்கவில்லை.

"ஓடுறப்ப பிள்ளைங்க திறந்துடக் கூடாதுல்ல பெரியவரே, அதுக்குத்தான் இந்தப் பூட்டு" என்று தரகர் வெளியே நின்று சிரித்தார். "கல்யாணமே ஆகாத வாத்தியார் ஓட்டின வண்டி. பின்சீட்டுல ஈகூட உட்கார்ந்ததில்ல."

மழை ஓய்ந்த குளிர். தரகரைக் கூப்பிட மாசிலாமணி முகத்தைக் கண்ணாடியருகே கொண்டுபோனார். மூச்சு படிந்த இடத்தில் குட்டிக் குட்டி உள்ளங்கைத் தடங்கள் தெரிந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக.

"கதவைத் திறய்யா!"

திறந்ததும் தரகர் எட்டிப் பார்த்தார். "தண்ணி ஊத்திக் கழுவினா போயிடும்."

"கழுவாமலா விக்க வச்சிருக்க?"

மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். "விலையைக் குறைக்கிறேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நடையைக் கூட்டினார்.