இருபது ஈட்டி

"இருபது ஈட்டி இருக்கு. இறக்கிக்கோ, கலியா" என்று வேன் கதவைத் திறந்துவிட்டார் ராஜவேலு.

பொன்னேரியில் இறால் வியாபாரம் அவருக்கு. கலியனின் குப்பம் பழவேற்காடு ஏரியில் பிடிப்பதெல்லாம் அவருக்குத்தான் வரும். ஒரு மாதமாக எதிர்க்குப்பத்து ஆட்கள் இவர்கள் இடத்தில் வலை போட்டு அள்ளிக்கொண்டு போனார்கள்.

குப்பத்துத் தலைவன் கலியன் ஈட்டியைத் தொடவில்லை.

"நீங்களும் வருவீங்களா, மொதலாளி?"

"நான் எதுக்கு? ஏரி உங்களுது, நீங்கதான் அடிச்சி வாங்கணும். வியட்நாம்ல அமெரிக்காக்காரன் இப்ப அதத்தானே பண்றான்? அந்த ஊர்க்காரன் கையில துப்பாக்கியக் குடுத்துட்டு ஒதுங்கிக்கினான். பேப்பர்லயே போட்டிருக்கான்."

"அங்க இன்னா ஆச்சு?"

"அது உனக்கெதுக்கு? ஏரி வேணுமா, வேணாமா?"

ஈட்டிகளை இறக்கிவிட்டுப் போன ராஜவேலு, மறுநாள் சாயங்காலம் சண்டைச் சேதி கேட்க வந்தார்.

"அவனுங்கள்ல எத்தினி பேருக்கு அடி?"

"நம்ம நாகமுத்துவுக்குத்தான் தோள்ல குத்து. பொன்னேரி ஆஸ்பத்திரில கீறாரு. குத்தினவனே படகுல இட்டுக்கினு போனான்."

"அவனை சும்மாவா விட்டீங்க? சீ! ஈட்டி குடுத்தும் ஆம்பளையா நிக்கத் தெரியல!"

கலியன் கோபப்படவில்லை.

"அவன் நாகமுத்து பொண்ணக் கட்டினவன், மொதலாளி. ரத்தத்தப் பாத்ததும் 'மாமா'ன்னு அழுதுட்டான். அவன் கையிலயும் புது ஈட்டி. யாருடா குடுத்தாங்கன்னு கேட்டோம்."

"யாராம்?"

"அவங்ககிட்ட இறால் எடுக்கறவருதான். உங்க தம்பி வரதன்."

பாகப்பிரிவினையில் முட்டிக்கொண்டு, மூன்று வருஷமாக முகம் பார்க்காத தம்பி. எதிர்க்குப்பத்து இறால் அவனுக்குத்தான் போகிறது என்று ராஜவேலுவுக்குத் தெரியும். அதை நிறுத்தத்தான் ஈட்டியே வாங்கினார். அவனும் அதையே நினைப்பான் என்று தோன்றாமல் போயிற்று.

"ஏரிய நாங்க பேசி முடிச்சிட்டோம். ஒரு நாள் நாங்க, ஒரு நாள் அவங்க" என்றான் கலியன்.

ராஜவேலு வேன் பக்கம் திரும்பினார். மெதுவாக, "நான் ஆஸ்பத்திரிக்குப் போய் நாகமுத்துவப் பாக்கறேன்" என்றார்.

"அவரே உங்களை இட்டாரச் சொன்னாரு. உங்க தம்பிக்கும் ஆள் அனுப்பிக்கீறாரு. கூடப் பொறந்தவங்க இப்படிப் பேசாம இருக்கலாமா, நான் சேத்து வெக்கறேன்னு கட்டிலுல படுத்துக்கினே சொல்றாரு, மொதலாளி."