ஆறடி லேத்

“ஃபேனைப் போடாதீங்க மேடம், மெஷினுக்கு ஆகாது.”

சுவிட்ச் மேல் வைத்த விரலை ஆய்வு அதிகாரி விஜயராணி எடுத்துக்கொண்டார். திருச்சி பாலக்கரையில் மே மாத மத்தியானத்தில் ஃபேன் இல்லாமல் ஒருவரை நிற்க வைக்கலாமா என்று கேட்டால், கூடாதுதான். ஆனால் அரசு நிதியில் நடக்கிற அந்தத் தொழிற்பயிற்சி மையத்தில் கலையரசன்தான் ஆசிரியர். அவர் ஆகாது என்றால் ஆகாது. அரசு பணம் கொடுத்து வாங்கிய, இரும்பு கடைகிற லேத், ரொம்ப நுணுக்கமானது, காற்றுப் பட்டால் அளவு பிசகிவிடும் என்று விளக்கமும் கொடுத்தார்.

பக்கத்தில் மாணவி இளவேனில் நின்றாள். திங்கட்கிழமை துவாக்குடியில் ஒரு கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். சர்டிபிகேட் இல்லாமல் கேட்டுக்குள்ளேயே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் விஜயராணி கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்கு விட்டால் அடுத்த ஆய்வு ஆறு மாதம் கழித்துத்தான்.

லேத் அறை நடுவில் பளபளவென்று நின்றது. ஆறடி நீளம். சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்திருந்தது. சுற்றிலும் கயிறு கட்டி, ‘தொடாதே’ என்று ஒரு போர்டு.

“தொடாம எப்படிங்க கத்துக்கிறாங்க?” என்றார் விஜயராணி.

பாதுகாப்பு விதி என்றார் கலையரசன். முதல் மூன்று மாதம் பார்வை, அடுத்த மூன்று மாதம் பாவனை. இப்படி ஒரு பாடத்திட்டத்தைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றார் அதிகாரி. புதுசு மேடம் என்றார் இவர்.

விஜயராணி இளவேனில் பக்கம் திரும்பினார். இரும்பைக் கவ்வும் சக்கின் விட்டம் என்ன, உளி மாட்டும் டூல் போஸ்ட் எவ்வளவு உயரம், கைப்பிடிச் சக்கரத்தில் எத்தனை கோடு என்று கேட்டுக்கொண்டே போனார். அவள் மில்லிமீட்டர் பிசகாமல் சொன்னாள்.

“புத்தகத்துல படிச்சதா?”

“இல்லைங்க மேடம். ஒவ்வொண்ணா கையால தொட்டுப் பழகினது.”

கலையரசன் இருமினார்.

“சரி, ஓட்டிக் காட்டும்மா.”

கலையரசன் குறுக்கே வந்தார். த்ரீ ஃபேஸ் கரன்ட் இன்னும் கொடுக்கவில்லை என்றார். கொடுத்திருந்தாலும் இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்றார்.

விஜயராணி கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். போச்சு, வேலை போச்சு என்று நினைத்தாள் இளவேனில்.

அதிகாரியின் கட்டைவிரல் லேத்தின் மேல் பதிந்தது. ஒரு அங்குலம் உள்ளே போனது. ஒரு டன் இருக்க வேண்டிய மெஷினை அவர் ஒரு கையால் தூக்கிப் பார்த்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

“தெர்மகோலா?”

“ஆமாங்க மேடம். மேல சில்வர் பெயின்ட்.” என்றாள் இளவேனில். “நான்தான் செஞ்சேன்.”

விஜயராணி போய்க் கதவைச் சாத்தினார். சர்டிபிகேட்டை வாங்கி, கையெழுத்துப் போட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

“வெள்ளிக்கிழமை சென்னையிலேர்ந்து எங்க ஆபீசுக்கு ஆடிட் வராங்கம்மா. ஜெனரேட்டர் ஒண்ணு வாங்கினதா எழுதி வச்சிருக்கு. அதுக்குள்ள முடியுமா?”

இளவேனில் நோட்டையும் பென்சிலையும் எடுத்தாள்.

“சத்தம் வரணுங்களா மேடம்?”