முதலில் நல்லவர் என்று நினைத்தேன்

இன்னொரு தடவை சொல்லு என்றான் கணவன். விசா அலுவலகத்தின் காத்திருப்பு அறையில் இது ஆறாவது தடவை.

அவள் இங்கிலீஷில் சொன்னாள். முதலில் அவரை ரொம்ப நல்லவர் என்று நினைத்தேன்.

"ம், அத்தோட நிறுத்து. மேற்கொண்டு எதையாவது உளறினே, வீட்டுக்குப் போனதும் இருக்கு உனக்கு."

வீட்டுக்குப் போனதும் என்ன இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருஷமாக, அவன் லீவில் வரும்போதெல்லாம் இருப்பதுதான்.

இன்றைக்கு விசா கிடைத்துவிட்டால் இந்த வீடும் இல்லை. கடல் தாண்டி, அவன் வேலை பார்க்கும் ஊர். இங்கேயாவது அடுத்த தெருவில் அக்கா இருக்கிறாள். விஷயம் காதுக்குப் போனால் அத்தானை இழுத்துக்கொண்டு வந்து நிற்பாள். அங்கே அவளுக்கென்று ஓர் ஈ காக்கை கிடையாது. உன் அக்கா அங்கே எப்படி ஓடி வருகிறாள் என்று பார்க்கிறேன் என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான், பாவி.

கணவனை முதலில் பார்த்தபோது என்ன நினைத்தாய் என்று அதிகாரி கட்டாயம் கேட்பாராம். விசாவுக்காகப் போகும் வகுப்பில் இங்கிலீஷ் டீச்சர் எழுதித் தந்த விடை என்று போன வாரம் அவள் ஒரு தாளை அவனிடம் நீட்டினாள். முதலில் அவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைத்தேன், போகப்போகத்தான் எவ்வளவு தங்கமானவர் என்று தெரிந்தது.

திமிர் என்ற இடத்திலேயே அவனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. யாரைப் பார்த்து யார் சொல்வது? பேனாவை எடுத்து அதை அடித்து, வெரி குட் மேன் என்று எழுதினான்.

எடுத்த எடுப்பிலேயே நல்லவன் ஆகிவிட்ட பிறகு போகப்போக எதற்கு? மீதியையும் அடித்தான்.

பத்து வருஷம் வெளிநாட்டுக் கிடங்கில் பெட்டி எண்ணியவன். இங்கிலீஷையும் அப்படியேதான் பார்த்தான். உள்ளே நல்ல சரக்கு இருக்கிறதா, இருக்கிறது, மூடு. நல்லவருன்னு நெனச்சேன் என்று தமிழில் ஒருத்தி சொல்லியிருந்தால் அவனுக்கே சுருக்கென்றிருக்கும்.

கூப்பிட்டார்கள். உள்ளே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. இரண்டு நாற்காலி. அவன் உட்கார்ந்ததும் மேசைக்கடியில் தன் ஷூவை அவள் பாதத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டான்.

எல்லாக் கேள்விக்கும் அவனே பதில் சொன்னான். கடைசியில் அதிகாரி அவனைக் கையமர்த்திவிட்டு அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அவள் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

எழுதிக்கொண்டிருந்த அதிகாரி மீதிக்காகக் காத்திருந்தாள். மீதி வரவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தாள், பிறகு பல்லைக் காட்டிக்கொண்டிருந்த அவனைப் பார்த்தாள்.

கல்யாண சர்ட்டிபிகேட் ஜெராக்ஸ் இன்னொன்று வேண்டும், கீழே கடை இருக்கிறது, நீங்களே போய் எடுத்து வந்துவிடுங்கள் என்று அவனிடம் வெகு மரியாதையாகச் சொன்னாள்.

காரியம் முடிந்தது என்ற மிதப்பில் அவன் எழுந்து போனான். அவளுடைய பாதம் விண்விண் என்று தெறித்தது.

டீச்சர் எழுதித் தந்தது பேர், ஊர், கல்யாணத் தேதி, அவ்வளவுதான். அந்தத் தாளை எழுதியது அவள். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, திமிர் என்ற ஒரு வார்த்தையைத் தேடிப் பிடித்துப் போட்டாள். அவன் பேனா அதைத்தான் முதலில் அடிக்கும், அடித்த கை அதோடு நிற்காது என்று அவளுக்குத் தெரியும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவனைப் பற்றி அவள் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவன் எழுதியதைச் சொல்லலாம்.

அதிகாரி குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். நீங்கள் இவரோடு போக விரும்புகிறீர்களா?

படியில் ஷூ சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது.

"நோ, மேடம்."

அதிகாரி எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள்.