ரைஸ் குக்கர் தேர்தல்

ரைஸ் குக்கரைத் திறந்து உள்ளே கிடந்த மூன்று சீட்டுகளையும் சயந்தினி விரித்துப் பார்த்தாள்.

“மச்சாள், உங்கட ஆள் தோத்திட்டார். ஹெலனுக்கு ரெண்டு, அவருக்கு ஒண்டு.”

யோகா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். “புருசனும் பெஞ்சாதியும் ஒண்டாச் சேர்ந்திட்டியள். அந்த மனுசி ரெயில் லைனைப் பற்றி வாயே திறக்கேல்லை.”

“எங்களைப் போல ஆக்களைப் பற்றிக் கதைச்சவ, அக்கா,” என்றான் தம்பி கேதீசன். “போன தேர்தலில குக்கருக்குள்ள வெண்டது உங்கட ஆள். நாங்கள் ஏதும் சொன்னனாங்களே?”

ஒவ்வொரு தேர்தலுக்கும் இந்த வீட்டில் இதுதான் வழக்கம். முதலில் குசினியில் ரகசிய வாக்கெடுப்பு. அது முடிந்த பிறகுதான் மூவரும் நோபல் பார்க் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுவார்கள்.

பள்ளிக்கூட வாசலில் வாக்களிக்க வருபவர்களுக்குச் சொசேஜ் வாட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

“நாங்கள் சாப்பிட எடுத்து வைக்கிறம். நீங்கள் போட்டு வாங்கோ அக்கா,” என்றான் கேதீசன்.

யோகா மட்டும் உள்ளே போனாள். படகில் வந்து பதின்மூன்று வருடமாகியும் நிரந்தர விசா கிடைக்காத தம்பிக்கும் அவன் மனைவிக்கும் இந்த நாட்டில் வாக்கு இல்லை. அந்த வீட்டில் வாக்கு இருப்பது அவளுக்கு மட்டும்தான்.

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் தனியாக நின்றாள். என்ன எழுதினாள் என்று வெளியே நிற்பவர்களுக்கு ஒருநாளும் தெரியப் போவதில்லை. தன் ஆளின் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பென்சிலை எடுத்து, ஹெலனின் பெயருக்கு நேரே, முதல் விருப்பமாக, 1 என்று எழுதினாள்.