கோயிலடி ஆக்கள்

“தங்கச்சி, நீங்கள் ஊரில எவடம்?” என்று மகேஸ்வரன் கேட்டார்.

வந்துவிட்டதடா சனியன் என்று அருள்நாயகி நினைத்தாள்.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மாடியில் இருக்கிறது அவளுடைய மகள் மதுராவின் அலுவலகம். உள்ளறையில் மகள் லோயர். வெளியில் டெலிபோன், ஃபைல், தேநீர் எல்லாம் தாய்தான். மகேஸ்வரன் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு முறைப்பாடு கொடுக்க வந்திருந்தார். நிறத்தைப் பார்த்துத் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்பதுதான் முறைப்பாடு.

பொய்யில்லை. பத்தொன்பது வருடங்கள் ஒரே கொம்பனியில் பெட்டி அடுக்கியவர். அவர் வேலை பழக்கிவிட்ட வெள்ளைக்காரப் பெடியன்கள் ஐந்து பேர் அவருக்கே சூப்பவைசராகிவிட்டார்கள். ஒரு நாள் வாய் திறந்து கேட்டிருக்கிறார். உங்களுடைய ஆட்கள் கீழே நிற்கத்தான் சரி என்று மனேஜர் எல்லோருக்கும் முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறான்.  கேட்ட அருள்நாயகி எழும்பிப் போய் அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள்.

முறைப்பாட்டுக்கு ஒரு வருடம்தான் தவணை. அது நாளையோடு முடிகிறது. அதற்குப் பிறகு மனேஜர் சொன்னது சொன்னதுதான்.

சட்டம் அவருக்குத் தண்ணிபட்டபாடு. எத்தனையாம் பிரிவு என்பதுவரை ஒப்புவித்தார். “பிறப்பைப் பாத்து ஒருத்தனைக் கீழ இருத்தக் கூடாது. எல்லாரும் சமன், தங்கச்சி!” என்று மேசையில் தட்டினார். தட்டிய கை ஓயுமுன்னரே அந்தக் கேள்வியையும் கேட்டார்.

அருள்நாயகி ஊர்ப் பெயரைச் சொன்னாள். அவருக்குப் பக்கத்து ஊர். கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

“ஊர் தெரியும். ஊரில எந்தப் பக்கம்?”

யாழ்ப்பாணத்தார் இப்படிக் கேட்டால் வரைபடம் கீறப் போகிறார் என்று நினைக்காதீர்கள். சாதி கேட்கிறார். நேரே கேட்பது மரியாதையில்லையாம். ஒழுங்கை, கிணறு, கோயில் என்று சுற்றி வளைத்து வந்து வாசலில் நிற்பார்.

இதெல்லாம் மதுராவுக்கு விளங்காது. இங்கே பிறந்தவள். ஊர் விசாரித்தால் பாசம் என்று நினைப்பாள். போன மாதம் அப்படித்தான் ஒருவரிடம் சிரித்துச் சிரித்து உள்ளதைச் சொன்னாள். மனிதர், யோசித்துச் சொல்கிறேன் என்று ஃபைலையும் தூக்கிக்கொண்டு போனார். இன்னமும் யோசிக்கிறார்.

மகேஸ்வரனுக்கு வைத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பதில் வரும்வரை அதில் கை வைக்க மாட்டார். பதில் பிழைத்தால் எழும்பிவிடுவார். ஒரு நாளைக்குள் இன்னொரு லோயரை எங்கே போய்ப் பிடிப்பார்?

போகட்டும், நாசமாய்ப் போகட்டும் என்றது ஒரு மனம். அந்த மனேஜர் இன்னொரு முறை சிரிப்பானே என்றது மற்ற மனம்.

“அம்மன் கோயிலடி, அண்ணை.”

கோயிலடி என்றால் அவருக்கு மேல்சாதி. மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனாலும் சோதிக்காமல் விடுவாரா? தேர் நிறுத்தி வைக்கும் தேர்முட்டி கோயிலுக்கு எந்தப் பக்கம் என்றார். சொன்னாள். பக்கத்தில் என்ன மரம் என்றார். மகிழமரம் என்றாள். மணிக்கோபுரத்தில் இடி விழுந்து வெடித்த இடத்தையும், பூங்காவனத் திருவிழாவன்று மேளம் எத்தனை மணிவரை கேட்கும் என்பதையும் கேளாமலே சொன்னாள். அத்தனையும் சரி. தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார்.

“நல்லதாப் போச்சு. எங்கட பிரச்சினையைக் கண்ட நிண்ட ஆக்களிட்டக் குடுக்கேலாதுதானே.”

அருள்நாயகி இரண்டாவது கோப்பையையும் ஊற்றிக் கொடுத்தாள். கேத்திலை மேசையில் டக்கென்று வைத்தாள். கோபத்தில்தான்.

மதுரா அவரை உள்ளே கூப்பிட்டாள். ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. கையெழுத்து வைத்தார். மதுரா கொம்பியூட்டரில் முறைப்பாட்டை அனுப்பினாள். கிடைத்தது என்ற பதில் அவருடைய ஃபோனுக்கும் வந்து விழுந்தது. இனி யாரும் தவணை தவறியது என்று சொல்ல முடியாது.

கலியாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி வெளியில் வந்தார்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். விட்டால் அருள்நாயகிக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

“அண்ணை, தேர்முட்டி வரைக்கும்தான் எங்கட ஆக்களை விட்டவை, கோயிலுக்குள்ள விடேல்லை. அந்த அம்மன்ர முகத்தை நான் கலண்டரிலதான் பாத்தனான்.”

மகேஸ்வரன் வெறும் கோப்பையைப் பார்த்தார். ஃபோனைப் பார்த்தார். உள்ளறைக் கதவைப் பார்த்தார். ஒன்றையும் திருப்பி எடுக்க வழியில்லை.

“சீச்சீ,” என்றார் கடைசியில். “இஞ்ச வந்து உதெல்லாம் ஆர் பாக்கினம்?”

சொல்லிவிட்டுப் படிப்பக்கம் எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. மேசையில் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“கேஸை மகளே நடத்தட்டும், நல்ல கெட்டிக்காரி. ஆனா ஆரிட்டக் குடுத்தனான் எண்டு மட்டும் எங்கட ஊர்ச் சங்கத்தில ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்.”

“பயப்படாதேங்கோ, அண்ணை,” என்றாள் அருள்நாயகி. “உங்கட சங்கத் தலைவரும் தன்ர கேஸைத் தந்திட்டு உதைத்தான் சொல்லிப்போட்டுப் போனவர்.”